நியூபோர்ட்டும் நியூயார்க்கும்: ஒரு கேலிப்பாட்டும் அது கிளப்பிய சர்ச்சையும்

தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. அதன்மேல் துருவிய சீஸ். சீஸ் உருகத் தொடங்கும்போதே அதன்மேல் ஒரு கரண்டி கறிக்குழம்பு. பழுப்பு மஞ்சள் நிறம், லேசான இனிப்பு, காரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. தெற்கு வேல்ஸில் இரவு மதுக்கடை மூடியபின் தெருவில் நின்றபடி சுடச்சுடச் சாப்பிடும் பண்டம் இது. 'கறி' என்ற நம் சொல் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கும்போது எனக்கு ஒரு நெகிழ்ச்சி வரும்.

2010 ஜூலையில் யூடியூபில் ஏறிய ஒரு பாட்டு இந்தப் பொட்டலத்தைப் பல்லவிக்குள் கொண்டுவந்தது. நியூயார்க்கைப் புகழும் 'எம்பயர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்' பாட்டின் மெட்டில், வேல்ஸின் நியூபோர்ட் ஊரைப் பாடும் கேலிப்பாட்டு அது. மூலப்பாட்டில் அந்த இடத்தில் இருந்தவை நியூயார்க்கின் தெருக்களும் பெரிய விளக்குகளும். அங்கே தெருக்கள் ஒருவனைப் புது மனிதனாக்கும். இங்கே சிப்ஸும் சீஸும் கறியும் அந்த வேலையைச் செய்யும். பாட்டின் பெயர் 'நியூபோர்ட் (அமெரோட்ரைத் ஸ்டேட் ஆஃப் மைண்ட்)'. இயக்கியவர் எம். ஜே. டிலேனி, பாடி நடித்தவர்கள் அலெக்ஸ் வாரன், டெரீமா வெயின்ரைட். சில வாரங்களிலேயே இருபது லட்சம் பார்வைகளைத் தாண்டியது. ஆகஸ்ட் 10 அன்று காணாமல் போனது.

ஒரு நாட்டுக்குள் ஓர் ஊர் இன்னோர் ஊரை நக்கல் செய்வது உலகெங்கும் உள்ள பழக்கம். இந்தப் பாட்டை நான் ஆய்வுக்கு எடுத்ததற்குக் காரணம், இதில் மூன்று தரப்பு உண்டு. ஊரைக் கேலி செய்தவர்கள், பதில் பாட்டுப் பாடிய ஊர்க்காரர்கள், பாட்டை நீக்கச் சொன்ன பதிப்பு நிறுவனம். இந்த மூன்றாம் தரப்புக்கு நியூபோர்ட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூலப்பாட்டு

அமெரிக்க ராப் பாடகர் ஜே-இஸட், பாடகி அலிசியா கீஸ் இருவரும் பாடி 2009-இல் வந்த 'எம்பயர் ஸ்டேட் ஆஃப் மைண்ட்' அமெரிக்காவில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. நியூயார்க் மாநிலத்துக்குப் 'பேரரசு மாநிலம்' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தலைப்பு அதிலிருந்து வருகிறது.

இந்தப் பாட்டின் முதல் வடிவத்தை எழுதிய ஏஞ்சலா ஹன்ட்டும் ஜேனட் சியூவல்-யூலெபிக்கும் நியூயார்க் பெண்கள். எழுதும்போது அவர்கள் லண்டனில் இருந்தார்கள். ஊர் நினைப்பு வாட்டியதில் எழுதிய பாட்டு அது. நியூயார்க்கில் இருந்துகொண்டே எழுதியிருந்தால் இவ்வளவு கொண்டாட்டம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே. தூரத்தில் இருப்பவருக்குத்தான் ஊர் அப்படி ஜொலிக்கும். ஆக, பிரிட்டன் மண்ணில் ஏக்கமாகப் பிறந்து அமெரிக்கா போய்ப் பெருமையாகத் திரும்பிய பாட்டு, அடுத்த வருடமே அதே பிரிட்டனில் கேலியாக மாறியது.

ஏன் நியூபோர்ட்

நியூபோர்ட் தென்கிழக்கு வேல்ஸில் அஸ்க் ஆற்றங்கரையில் இருக்கிறது. மக்கள்தொகை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகம். மேற்கே இருபது கிலோமீட்டர் போனால் வேல்ஸின் தலைநகர் கார்டிஃப். கிழக்கே அதைவிடச் சற்று அதிகம் போனால் இங்கிலாந்து எல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதுதான் இந்த ஊரின் வரலாறு முழுக்க.

முதலில் எல்லைக் கதை. பதினாறாம் நூற்றாண்டில் வேல்ஸை இங்கிலாந்தோடு சட்டப்படி இணைத்தபோது, வேல்ஸின் பன்னிரண்டு மாவட்டங்களுக்குத் தனி நீதிமன்ற முறையை வைத்தார்கள். நியூபோர்ட் இருந்த மான்மத்ஷயரை அதில் சேர்க்காமல் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றச் சுற்றோடு இணைத்துவிட்டார்கள். அதன்பின் நானூறு வருடங்களுக்கு மேல் அந்த மாவட்டம் இங்கிலாந்தா வேல்ஸா என்பது வாதத்துக்குரிய விஷயமாகவே இருந்தது. சட்டங்களில் 'வேல்ஸும் மான்மத்ஷயரும்' என்று சேர்த்து எழுதும் வழக்கம் வந்ததும் இதனால்தான். 1972-இல் நிறைவேறி 1974-இல் நடைமுறைக்கு வந்த உள்ளாட்சிச் சட்டம்தான் இது வேல்ஸ் என்று உறுதி செய்தது.

இதைத் தெரிந்துகொண்டு பல்லவியைத் திரும்பக் கேளுங்கள். மூலத்தில் நியூயார்க் கனவுகளை உருவாக்கும் கான்கிரீட் காடு. நியூபோர்ட்டில் அது கான்கிரீட் குவியல் ஆகிறது. ஆங்கிலத்தில் காட்டுக்கும் குவியலுக்குமான சொற்கள் ஒலியில் மிக நெருக்கமானவை. எதுவும் ஒழுங்கில் இல்லை என்று அடுத்து வருகிறது. அப்புறம் 'எல்லைக்குப் பக்கத்தில்' என்று ஒரு சின்னத் துண்டு. வெளியூர்க்காரருக்கு அது வெறும் எதுகை. தென்கிழக்கு வேல்ஸ்காரருக்கு அது, 'நீ எந்தப் பக்கத்து ஆள்?' என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த கேள்வி. பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தலைப்பில் உள்ள 'அமெரோட்ரைத்' வேல்ஸ் மொழிச் சொல். பேரரசு என்று பொருள். நியூபோர்ட் ஆங்கிலம் பேசும் ஊர். வேல்ஸ் மொழி பேசுவோர் அங்கே குறைவு. அந்த ஊரைப் பற்றிய ஆங்கிலப் பாட்டின் தலைப்பில் இந்த ஒரு சொல்லை மட்டும் செருகியதிலேயே, எங்கே சேர்ந்தது என்று தெரியாத ஊரின் நிலை வந்துவிடுகிறது.

அடுத்தது கார்டிஃப். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நிலக்கரி ஏற்றுமதியில் நியூபோர்ட்தான் வேல்ஸில் முன்னணித் துறைமுகம். 1839 அக்டோபரில் கார்டிஃபில் பியூட் பிரபு கட்டிய முதல் கப்பல்துறை திறந்தது. அதே வருடம் நவம்பர் 4 அன்று நியூபோர்ட்டில் வேறொன்று நடந்தது. சாதாரண மனிதனுக்கும் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்ட் இயக்கத்தார் ஆயிரக்கணக்கில் பள்ளத்தாக்குகளிலிருந்து மழையில் நடந்து வந்து வெஸ்ட்கேட் விடுதி முன்னால் திரண்டார்கள். உள்ளே இருந்த படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தலைமை தாங்கியவர்களில் ஒருவரான ஜான் ஃப்ராஸ்ட் அதே ஊரின் முன்னாள் மேயர். அவருக்கு முதலில் மரண தண்டனை, பிறகு டாஸ்மேனியாவுக்கு நாடுகடத்தல். ஒரு மாத இடைவெளியில் ஒரு ஊருக்குக் கப்பல்துறை, இன்னொரு ஊருக்குப் பிணங்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில் கார்டிஃப் நிலக்கரியிலும் முந்தியது. 1905-இல் மாநகர அந்தஸ்து, 1955-இல் தலைநகர அந்தஸ்து. நியூபோர்ட் மாநகரம் ஆனது 2002-இல்தான்.

ரக்பியில் மட்டும் நியூபோர்ட்காரர்களிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. 1963-64 சுற்றுப்பயணத்தில் நியூசிலாந்து அணி தோற்ற ஒரே ஆட்டம் நியூபோர்ட் கிளப்போடு ஆடியது. 1963 அக்டோபர் 30, மூன்றுக்குப் பூஜ்ஜியம். அங்கே இன்றும் இதைச் சொல்லாமல் ரக்பிப் பேச்சு முடியாது.

2001-இல் பக்கத்து லான்வெர்ன் ஆலையில் இரும்பு உருக்குவது நின்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். 2010-இல் கேலிப்பாட்டு வந்தபோது ஊரின் கடைத்தெரு சோர்ந்து கிடந்தது. அதே சமயம் அக்டோபரில் ரைடர் கோப்பை கோல்ஃப் போட்டி நியூபோர்ட்டின் செல்டிக் மேனரில் நடக்க இருந்தது. உலகத் தொலைக்காட்சிகள் வரப்போகின்றன என்று ஊர் தன்னைத் துடைத்துப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், சிப்ஸ் பொட்டலத்தோடு இந்தப் பாட்டு முந்திக்கொண்டு வந்து நின்றது.

கேலி எங்கே நிற்கிறது

கேலியின் குறி யார் என்று பார்க்க வேண்டும். பாதிக் குறி நியூயார்க் பாட்டின் மிதப்பு. ஒரு நகரத்தின் பெயரை மூச்சு முட்ட நீட்டிப் பாடினால் அது காவியம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை இந்தப் பாட்டு போட்டு உடைக்கிறது. பல்லவியின் கடைசியில் 'நியூபோர்ட் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லு' என்று பாடகி தனக்குத் தானே உத்தரவு போட்டுக்கொள்வதுபோல ஒரு வரி உண்டு. சொல்லி முடித்து உடனே அதைச் செய்யவும் செய்கிறார். குரலில் துளி கிண்டல் இல்லை. அலிசியா கீஸ் பாடிய அதே உருக்கம், அதே நெஞ்சு நிமிர்வு. சிரிப்பு அங்கேதான் பிறக்கிறது. குரலிலும் கேலி சேர்த்திருந்தால் பாட்டு ஒரே நாளில் செத்திருக்கும் என்பது என் எண்ணம்.

மறுபாதிக் குறி ஊர். இதில் எனக்கு உறுத்தும் ஓரிடம் உண்டு. சிப்ஸைக் கழுவி இறக்க ஒரு கடுமையான பீரின் பெயர் வருகிறது. பிரிட்டனில் அந்த பீர் வீடில்லாதவர்களோடும் வேலையில்லாமல் தெருவில் குடிப்பவர்களோடும் சேர்த்துப் பேசப்படுவது. ஆலை மூடிய ஊரைப் பற்றி அதைப் பாடும்போது கேலி சிப்ஸ் தட்டிலிருந்து இறங்கி மனிதர்மேல் கால் வைக்கிறது. உணவு எல்லோருக்கும் பொது. பணக்கார நியூபோர்ட்காரரும் அந்தக் கறியைச் சாப்பிடுவார். பீர் அப்படி இல்லை. அந்த ஒரு வரியை வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்ட்டிஸ்ட் எழுச்சி நடந்த ஊரைப் பற்றிய பாட்டில் அந்த வரலாற்றைத் தேடுவது வீண். ஆனாலும் மனம் தேடத்தான் செய்கிறது. நியூயார்க்குக்கு புரூக்ளின் பாலம் என்றால் நியூபோர்ட்டுக்கும் ஒரு பாலம் உண்டு. 1906-இல் கட்டிய தொங்குவண்டிப் பாலம். அஸ்க் ஆற்றில் கடல் ஏற்றஇறக்கம் மிக அதிகம். கரைகள் தாழ்வு. உயரமான கப்பல்கள் அடியில் போக வேண்டும். சாதாரணப் பாலம் கட்டினால் இருபக்கமும் நீண்ட மேட்டுச் சாலை போட வேண்டியிருக்கும். அதனால் ஃபெர்டினான்ட் ஆர்னொடான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், எழுபது மீட்டருக்கு மேல் உயரமான இரு கோபுரங்களை நிறுத்தி, மேலே குறுக்கே ஒரு சட்டத்தைப் போட்டு, அதிலிருந்து கம்பிகளில் ஒரு தட்டைத் தொங்கவிட்டார். ஆறு கார்கள் நிற்கும் அளவுக்கு அகலம். அது ஆற்றின்மேல் மெல்ல நகர்ந்து அக்கரை போகும். உலகில் இந்த வகைப் பாலங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியிருக்கின்றன.

'நீங்க நியூபோர்ட்காரங்க இல்லை'

பாட்டு பரவியதும் பதில் வந்தது. கொடுத்தவர்கள் கோல்டி லுக்கின் செயின். நியூபோர்ட்டில் 2000-இல் உருவான ராப் குழு. டிராக்சூட், பெரிய சங்கிலி, உள்ளூர்ப் பேச்சு. 2004-இல் அவர்கள் பாட்டு ஒன்று பிரிட்டன் தரவரிசையில் மூன்றாம் இடம் வரை போனது. தங்கள் ஊரையும் தங்களையும் கேலி செய்துதான் அவர்கள் பெயர் வாங்கினார்கள். யாரோ வெளியிலிருந்து வந்து அதே வேலையைச் செய்து ஒரே மாதத்தில் உலகம் முழுக்கப் போய்விட்டால் சும்மா இருப்பார்களா?

அவர்கள் செய்தது புத்திசாலித்தனமான காரியம். பாட்டு கேவலம் என்று சொல்லவில்லை, ஊரை அவமானப்படுத்திவிட்டார்கள் என்று கூச்சல் போடவில்லை. அதே நியூயார்க் பாட்டை எடுத்துத் தாங்களும் பாடினார்கள். தலைப்பின் பின்பாதியே 'நீங்க நியூபோர்ட்காரங்க இல்லை' என்று வந்தது. ஊரைக் கேலி செய்தது அவர்களுக்குக் குற்றமாகப் படவில்லை. ஊரில் வாழாமல் கேலி செய்ததுதான் வம்பு.

ஊர்களுக்கிடையேயான எல்லா நக்கலுக்கும் அடியில் இந்தச் சண்டை உண்டு என்று நினைக்கிறேன். பேருந்து நிலையம் நாறுகிறது என்று உள்ளூர்க்காரர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதையே பக்கத்து ஊர்க்காரர் சொன்னால், 'உங்க ஊர்ல மட்டும் என்ன மணக்குதா?' என்று பாய்வார்கள். சொல் ஒன்றே, சொல்லும் வாய்தான் வேறு. சரி, அப்படியானால் வெளியூர்க்காரர் வாயே திறக்கக் கூடாதா? நான் அப்படி நினைக்கவில்லை. வெளியிலிருந்து வருபவர் ஊரைக் கூர்ந்து பார்த்திருக்க வேண்டும். சிப்ஸ்மேல் சீஸும் கறியும் சேரும் என்பது பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்தப் பார்வை முதல் பாட்டில் இருந்தது. அதனால்தான் பதிலும் பாட்டாகவே வந்தது. அலட்சியமாக எழுதியிருந்தால் நியூபோர்ட் அதற்கு மெனக்கெட்டிருக்காது.

2011 மார்ச்சில் காமிக் ரிலீஃப் என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பின் நிதி திரட்டலுக்காக அதே கேலிப்பாட்டுக்கு வேல்ஸ் பிரபலங்கள் வாயசைத்து நடித்த ஒரு வடிவம் வந்தது. எட்டு மாதத்தில் நியூபோர்ட் நக்கல் வேல்ஸ் முழுவதன் சொந்தப் பாட்டு ஆகிவிட்டது.

நீக்கம்

நீக்கச் சொன்னது ஈ.எம்.ஐ. மியூசிக் பப்ளிஷிங். இசைப் பதிப்புரிமையை நிர்வகிக்கும் நிறுவனம். முழுக்க முழுக்கத் தங்கள் பாடலாசிரியர்களின் படைப்பை வைத்துச் செய்த பாட்டுக்கு அவர்கள் அனுமதி தேவை, அனுமதி இல்லையென்றால் நீக்கக் கேட்போம் என்பது அவர்கள் விளக்கம். அன்றைய பிரிட்டன் சட்டப்படி அவர்களை எதிர்த்து வாதாட இடமே இல்லை. கேலிக்கு அனுமதி வாங்க வேண்டாம் என்ற தனி விலக்கு அப்போது சட்டத்தில் கிடையாது.

அது இல்லாமல் போன கதை எரிச்சலூட்டும். அரசு அமைத்த கவர்ஸ் ஆய்வு 2006 டிசம்பரில், கேலிக்கும் பகடிக்கும் விலக்கு கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2009-இல் அரசு அதைக் கைவிட்டது. அடுத்த வருடம் நியூபோர்ட் பாட்டு போனது. 2011 மே மாதம் பேராசிரியர் இயன் ஹார்க்ரீவ்ஸ் தலைமையிலான ஆய்வு அதே பரிந்துரையைத் திரும்பச் செய்தது. ஹார்க்ரீவ்ஸ் அப்போது கார்டிஃபில் பேராசிரியர். பக்கத்து ஊர்க்காரர் வந்துதான் நியூபோர்ட் பாட்டு போன்றவற்றுக்கு வழி கேட்டார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

2013-இல் அரசின் அறிவுசார் சொத்து அலுவலகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தின் கிரிஸ் எரிக்சன் செய்தது. தரவரிசையில் வந்த 343 பாட்டுகளை எடுத்து, அவற்றுக்கு யூடியூபில் உள்ள கேலி வடிவங்களைத் தேடினார். கிடைத்தவை 8,299. சராசரியாகப் பாட்டுக்கு இருபத்துநான்கு. கேலி வடிவங்களால் மூலப்பாட்டின் வருமானம் கெட்டதற்கு ஆதாரம் இல்லை. நியூபோர்ட் பாட்டைக் கேட்டுவிட்டு, 'போதும், இனி ஜே-இஸட் பாட்டு வாங்க வேண்டாம்' என்று யார் முடிவெடுப்பார்கள்?

2014 அக்டோபர் 1 முதல் பிரிட்டன் பதிப்புரிமைச் சட்டத்தில் 30ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. கேலி, பகடி, போலச்செய்தல் ஆகியவற்றுக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் பயன்படுத்தலாம்.

இன்று அந்தப் பாட்டு தப்புமா

இதற்கு உறுதியான பதில் சொல்ல நீதிமன்றம் வேண்டும். ஆனால் அளவுகோல்கள் தெரிந்தவைதான். விலக்கு வருவதற்குச் சில வாரம் முன்பு, 2014 செப்டம்பர் 3 அன்று, பிரிட்டன் அப்போது அங்கம் வகித்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் பெல்ஜியத்திலிருந்து வந்த டெக்மின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பழைய சித்திரக்கதை அட்டை ஒன்றைத் திருத்தி கென்ட் நகர மேயரைக் கேலி செய்த நாட்காட்டி பற்றிய வழக்கு. கேலி மூலத்தை நினைவூட்ட வேண்டும், மூலத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும், நகைச்சுவையோ நையாண்டியோ இருக்க வேண்டும் என்றது தீர்ப்பு. கேலியின் குறி மூலப்படைப்பாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் சொன்னது.

கடைசி வரி நியூபோர்ட்டுக்கு முக்கியம். அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் 1994-இல் சொன்ன அளவுகோல் வேறு. மூலத்தையே விமர்சிக்கும் கேலிக்கு அங்கே இடம் அதிகம். மூலத்தைக் கருவியாக வைத்து வேறொன்றை நையாண்டி செய்தால், ஏன் இன்னொருவர் படைப்பை எடுத்தாய் என்று கேட்பார்கள். சிப்ஸைப் பாட ஜே-இஸட் எதற்கு என்று அங்கே கேட்கலாம். நான் மேலே சொன்ன 'பாதிக் குறி நியூயார்க்கின் மிதப்பு' என்ற வாதத்தை வைத்துத்தான் அங்கே போராட வேண்டும்.

டெக்மின் தீர்ப்பில் இன்னொரு வாசலும் உண்டு. கேலியில் இனப் பாகுபாட்டுச் செய்தி இருந்தால், அதோடு தன் படைப்பைச் சேர்க்காதே என்று உரிமையாளர் சொல்வதற்கு நியாயம் உண்டு என்றது. அந்த நாட்காட்டிப் படத்தில் மேயர் காசை இறைக்க, பொறுக்குபவர்கள் முக்காடிட்ட பெண்களாகவும் கறுப்பினத்தவராகவும் மாற்றப்பட்டிருந்தார்கள். ஊர்நக்கலுக்கும் இன வெறுப்புக்கும் நடுவே கோடு போட வேண்டிய இடம் அது. நியூபோர்ட் பாட்டு அந்தக் கோட்டுக்கு வெகு தூரத்தில், கறிக்கடை வாசலிலேயே நிற்கிறது.

மீதி இருப்பது அளவு. 'நியாயமான அளவு' என்பதில்தான் உரிமையாளர்களின் வழக்கறிஞர்கள் பிடிப்பார்கள். முழு மெட்டும் எடுத்தாயிற்று, பல்லவி அமைப்பும் எடுத்தாயிற்று. சந்தையில் மூலத்தின் இடத்தை இது பிடிக்குமா என்று கேட்டால் பாட்டு தப்பும். எவ்வளவு எடுத்தாய் என்று கேட்டால் தடுமாறும். மெட்டை முழுதாக எடுக்காமல் இந்த வகைக் கேலியைச் செய்யவே முடியாது, அந்த உருக்கமான ஏற்றம் இல்லாமல் சிப்ஸுக்குச் சிரிப்பு இல்லை என்று நானாக இருந்தால் வாதாடுவேன்.

டிலேனி அதன்பின் 2013-இல் 'பவுடர் ரூம்' படத்தை இயக்கினார். 'டெட் லாஸோ' தொடரில் அவர் இயக்கிய ஓர் அத்தியாயம் எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. நீக்கிய பாட்டைப் பலர் தங்கள் கணக்குகளில் மீண்டும் ஏற்றினார்கள். தேடினால் இன்றும் கிடைக்கும்.